வீட்டைச் சுமந்த சிறு எஞ்சின்கள்

மாற்றல் உத்தரவு வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, எந்த ஊர் என்பது. அடுத்து எழுவது, எதை விட்டுச் செல்வது என்பது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1986-ஆம் ஆண்டில் என் தந்தையார் திருச்சியிலிருந்து நாகபுரிக்கு மாற்றப்பட்டார். சாமான் ஏற்ற வந்தவர்கள் கட்டில், பீரோ, பாத்திர மூட்டை யாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டு, கடைசியில் ஆட்டுக்கல்லின் எதிரே வந்து நின்றார்கள். "இது எதுக்கும்மா? அங்கே கல்லு கிடைக்காதா?" என்றார் ஒருவர். "கல் கிடைக்கும், இந்தக் கல் கிடைக்குமா?" என்றார் என் தாயார். கல் ஏறியது.

சில சாமான்களை எடுத்து, சிலவற்றை விட்டுச் செல்வதுதான் உலக வழக்கம். ஆனால் எதையும் விடாமல் வீட்டையே சக்கரங்களின்மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட எண்ணியவர்களும் இருந்திருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, அலமாரி, சன்னல், திரைச்சீலை ஆகிய அனைத்தும் உடன் வர வேண்டும் என்பது அவர்களது ஆசை. அந்த ஆசையை நிறைவேற்றத் தச்சர்கள் எப்போதும் இருந்தார்கள். இழுக்கும் எஞ்சின்தான் நெடுங்காலம் இல்லை. மோட்டார் இல்லம் என நாம் இன்று சொல்லும் வண்டியின் முதல் ஐம்பது ஆண்டு வரலாறு பெரும்பாலும் இந்தக் குறையின் வரலாறே ஆகும்.

மோட்டாருக்கு முன்னர் குதிரை இருந்தது. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராயிருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கான வீரக்கதைகள் பல எழுதியவர். அவர் பிரிஸ்டல் நகர வண்டித் தொழிற்சாலை ஒன்றில் தமக்கென ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்து, அதற்கு 'வாண்டரர்', அதாவது 'நாடோடி' என்று பெயரிட்டார். 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகர்வரை அதில் பயணம் செய்தார். 1,300 மைல் பயணம். சுமையேற்றிய நிலையில் வண்டியின் எடை ஏறக்குறைய 2 டன். இழுத்தவை இரண்டே குதிரைகள்.

இந்த இரண்டு என்ற எண்ணை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் அடுத்து நாம் காணவிருக்கும் மோட்டார் வண்டிகளில் இருபது குதிரைகள், இருபத்தைந்து குதிரைகள் பூட்டப்பட்டிருப்பதாக விளம்பரங்கள் கூறின. ஆயினும் இரு குதிரைகள் ஏறிய மேட்டில் அந்த இருபது குதிரைகள் மூச்சுத் திணறி நின்றதுண்டு. இது எங்ஙனம்?

ஆங்கிலத் தொழில்நுட்ப அறிக்கைகளைத் தமிழாக்குவது என் அலுவல். 'குதிரைத் திறன்' என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்; எழுதும்போதெல்லாம் அச்சொல் நம்மை ஏமாற்றுவதாகவே எனக்குத் தோன்றும். நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், தம் எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்பதை வாங்குவோர்க்கு விளக்குவதற்காக இந்த அளவையை வகுத்தார். ஏறக்குறைய 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்குவது ஒரு குதிரைத் திறன். நாள் முழுதும் ஓயாமல் உழைக்கும் குதிரைக்கு இது பொருந்தக்கூடிய அளவு. ஆனால் உயிருள்ள குதிரை நாள் முழுதும் ஒரே அளவில் உழைப்பதில்லை. சமதரையில் தன் வலிமையைச் சேமித்து வைத்து, மேடு வந்ததும் தலையைத் தாழ்த்தி, குளம்பை ஊன்றி, சில நொடிகளுக்குப் பத்துக் குதிரைத் திறனுக்கும் மேலாக அதனால் வெளிப்படுத்த முடியும். மேடு மிகச் செங்குத்தானால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து ஏறும். 2 டன் வண்டியைப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மனிதன் நடக்கும் வேகத்தில் இழுக்க, மொத்தத்தில் மூன்று குதிரைத் திறன்தான் செலவாகிறது. இரு குதிரைகளுக்குச் சிறிது நேரத்திற்கு இது எளிது.

எஞ்சினுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. இருபது குதிரைத் திறன் என்று எழுதப்பட்டிருப்பது, அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டுமே கிடைப்பது. மேட்டில் சுமை அழுத்தச் சுழற்சி குறையும். சுழற்சி குறையத் திறனும் குறையும். திறன் மேலும் குறைய எஞ்சின் நடுங்கி நின்றுவிடும். சேமித்து வைத்த வலிமை என்று அதற்கு ஒன்றும் இல்லை. மெதுவாக ஏறும் வித்தையைப் பற்சக்கரங்களைக் கொண்டுதான் அதற்குக் கற்பிக்க வேண்டும். அக்காலத்து வண்டிகளிலோ பற்சக்கர வரிசைகள் மிகக் குறைவு.

செல்வர்கள் இந்தத் தொல்லையைப் பணத்தால் தீர்த்துக்கொள்ள முயன்றனர். 1910-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் 'டூரிங் லாண்டா' என்ற உல்லாச வண்டியைக் காட்சிக்கு வைத்தது. பின்னிருக்கை படுக்கையாக விரியும். ஓட்டுநர் இருக்கையின் முதுகிலிருந்து கைகழுவும் தொட்டி மடிந்து இறங்கும். ஓட்டுநரிடம் பேசத் தொலைபேசி உண்டு. 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரோலண்டு காங்க்லின் என்ற செல்வர் தம் குடும்பத்துடன் லாங் ஐலண்டிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டார். அவர் பஸ் கம்பெனி நடத்தியவர். ஆதலால் 25 அடி நீளமும் ஏறத்தாழ 8 டன் எடையும் உள்ள ஒரு பஸ்ஸையே வீடாக மாற்றிக்கொண்டார். பெட்ரோல் எஞ்சின் மின்சாரத்தை உண்டாக்க, அந்த மின்சாரம் சக்கரங்களைச் சுழற்றியது. பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. ஆனால் அக்கால அமெரிக்காவின் உட்பகுதிச் சாலைகள் மண் சாலைகள். 8 டன் வீட்டுக்கு மழை பெய்த மண் சாலை எப்படி வழிவிட்டிருக்கும் என்பதை, ஆடி மாதத்தில் சேற்றில் அச்சிறங்கிய பார வண்டியைக் கண்டவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

உண்மையான கதை தொடங்குவது எளிய மக்களிடத்தில். அவர்களுக்கு வாய்த்தது ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட கார் அது. நான்கு உருளைகள், 2.9 லிட்டர்; 20 குதிரைத் திறன். தொடக்கத்தில் வண்டியின் மொத்த எடையே 550 கிலோ அளவுதான். ஆதலால் ஐந்து பேர் செல்ல அந்த எஞ்சின் தாராளமாகப் போதுமானதாயிருந்தது. இதன் சட்டத்தின்மேல் மக்கள் வீடு கட்டத் தொடங்கினார்கள். பலகையாலும் தகரத்தாலும் கித்தான் துணியாலும் அவரவர் கைத்திறத்திற்கேற்பக் கட்டிக்கொண்டார்கள். கட்டத் தெரியாதவர்க்குச் செய்து விற்பவர்களும் தோன்றினார்கள். செயின்ட் லூயி நகரத்து அன்ஹைசர்-புஷ் நிறுவனம் புகழ்பெற்ற பீர் ஆலை. 1920-இல் மதுவிலக்கு வந்ததும் வேறு பிழைப்புகளைத் தேடிய அந்த நிறுவனம், 1921 முதல் 'லாம்ஸ்டீடு காம்ப்கார்' என்ற வீட்டுக் கூண்டைச் செய்தது. மாடல் டி சட்டத்தின்மேல் அதைப் பொருத்திக்கொள்ளலாம். நின்ற இடத்தில் பக்கச் சுவர்கள் வெளிப்புறமாக மடிந்து படுக்கைகளாகும். மது தடுக்கப்பட்ட நாட்டில் மது ஆலை வீட்டு வண்டி செய்த விந்தையை நான் பெரிதும் ரசிக்கிறேன்.

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். வீட்டுக் கூண்டு, பாத்திரம், தண்ணீர், தந்தை, தாய், குழந்தைகள் எல்லாம் சேர்ந்து வண்டியின் எடை 1,200 கிலோ என்று கொள்க. இது காரின் பழைய எடையைப்போல் இரு மடங்குக்கு மேல். பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள மண் சாலையில் இதனை மேலேற்ற ஏறக்குறைய 150 கிலோ அளவுக்கு விசை வேண்டும். மாடல் டி காரின் மேல் கியரில் சக்கரங்கள் தள்ளக்கூடிய விசை 100 கிலோவைத் தாண்டாது. எனவே கீழ் கியருக்கு வரவேண்டும். அந்தக் காரில் முன்னோக்கிச் செல்ல இருந்தவையே இரண்டு கியர்கள். கீழ் கியரில் விசை கிட்டத்தட்ட மும்மடங்காகும். வேகமோ மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி நின்றுவிடும். அத்துடன் கீழ் கியர் விலகாமல் நிற்க, இடது கால் மிதியை ஓட்டுநர் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். மலைச்சாலை ஐந்து மைல் என்றால் ஐந்து மைலும் கால் எடுக்க முடியாது.

தொல்லை இதனோடு முடியவில்லை. அந்தக் காரில் பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பப் பம்பு கிடையாது. இருக்கைக்கு அடியிலிருந்த தொட்டியிலிருந்து, தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்வதுபோல், தானாகவே பாயவேண்டும். செங்குத்தான மேட்டில் வண்டியின் முகம் உயர்ந்தால் எஞ்சின் மேலாகவும் தொட்டி கீழாகவும் ஆகிவிடும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருந்தால் எஞ்சின் பட்டினியால் நின்றுபோகும். இதற்கு மக்கள் கண்ட பரிகாரம், வண்டியைத் திருப்பிப் பின்புறமாக மலை ஏறுவது. அப்படி ஏறினால் தொட்டி மேலாகும். பின்னோட்டக் கியருக்கு விசையும் அதிகம். வீட்டைப் பின்புறமாகத் தள்ளிக்கொண்டு, கழுத்தைத் திருப்பியபடியே கணவாயைக் கடந்த அந்தக் குடும்பத் தலைவர்களை நினைத்தால் சிரிப்பதா, வணங்குவதா என்று எனக்குத் தெரிவதில்லை.

குளிர்விக்கும் முறையும் அவ்வாறே. வெந்நீர் தானே மேலெழ, குளிர்நீர் தானே கீழிறங்கும் என்ற இயற்கை நியதியை நம்பியே தண்ணீர் சுற்றி வந்தது. அதற்கும் பம்பு இல்லை. வெறும் காருக்கு இது போதும். வீட்டைச் சுமந்து, கீழ் கியரில், காற்றோட்டம் குறைந்த வேகத்தில் ஏறும்போது நீர் கொதித்துவிடும். நிறுத்தி, ஆறவைத்து, ஓடை நீரை முகந்து ஊற்றிப் புறப்பட வேண்டும். மேட்டின் அடியில் குடும்பத்தார் இறங்கி நடப்பதும் உண்டு. நான்கு பேர் இறங்கினால் 250 கிலோ குறையும். சில இடங்களில் அந்த 250 கிலோதான் ஏறுவதற்கும் நிற்பதற்கும் இடையிலிருந்த வேறுபாடு.

திறனைக் கூட்ட முடியாதபோது விசையையாவது கூட்டலாம் என்பதைச் சிலர் கண்டார்கள். 'ரக்ஸ்டெல்' என்ற பின்னச்சு அக்காலத்தில் விற்பனைக்கு வந்தது. அதனுள் கூடுதலாக ஒரு கீழ் கியர் இருந்தது. பொருத்திக்கொண்டால் இரண்டு கியர்கள் நான்காகும். எஞ்சின் அதே இருபதுதான். ஆனால் வேகத்தை விட்டுக்கொடுத்து விசையைப் பெறும் குதிரையின் அறிவில் ஒரு பங்கு இதனால் வண்டிக்கு வந்தது. மற்றவர்கள் எடையைக் குறைத்தார்கள். பலகைச் சுவர் இருந்த இடத்தில் கித்தான் வந்தது. கட்டில் இருந்த இடத்தில் மடக்குப் பலகை வந்தது. மோட்டார் வீட்டின் உள்ளே இன்றும் நாம் வியக்கும் அமைப்புகள், அதாவது மேசையே படுக்கையாவதும் படிக்கட்டே பெட்டியாவதும், நாகரிகத்துக்காக மட்டும் பிறந்தவை அல்ல. பலவீனமான எஞ்சினும் அவற்றைப் பிறப்பித்தது என்பதே என் துணிபு.

1930-களில் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் வீட்டைக் காரின்மேல் ஏற்றுவதை விட்டு, காரின் பின்னே இழுத்துச் செல்லத் தலைப்பட்டனர். அது வேறு கதை. நம் கதை போருக்குப் பிந்திய ஜெர்மனியில் மீண்டும் உயிர்பெறுகிறது.

வோல்ஃப்ஸ்பர்க் நகரத்து வோக்ஸ்வாகன் தொழிற்சாலை அப்போது பிரிட்டிஷ் படையின் மேற்பார்வையில் இருந்தது. ஐவன் ஹர்ஸ்ட் என்ற அதிகாரி அதனை மீண்டும் இயங்கச் செய்தார். உதிரிப் பாகங்களைத் தொழிற்சாலைக்குள்ளேயே சுமந்து செல்ல, காரின் அடிச்சட்டத்தைக்கொண்டு ஒரு தட்டு வண்டியை அங்கிருந்தோர் செய்து வைத்திருந்தனர். அங்கு வந்த டச்சு வணிகர் பென் போன் அதனைக் கண்டார். 1947 ஏப்ரல் 23-ஆம் நாள் தம் குறிப்பேட்டில் பெட்டி போன்ற ஒரு வண்டியைக் கிறுக்கலாக வரைந்தார். ஓட்டுநர் முன்னே, எஞ்சின் பின்னே. அந்தக் குறிப்பேடு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1950 மார்ச்சில் வண்டி உற்பத்திக்கு வந்தது.

எஞ்சின் என்னவோ சிறிய காரின் எஞ்சினேதான்: 1.1 லிட்டர், 25 குதிரைத் திறன். முக்கால் டன் சுமக்கவேண்டிய வண்டிக்கு இது மிகக் குறைவு என்பதைச் செய்தவர்களே நன்கு அறிந்திருந்தார்கள். எனவே வேறு வழிகளில் ஈடுசெய்தார்கள். பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துச் சோதித்தபோது, தட்டையான முகம் காற்றை மிகுதியாக எதிர்ப்பது தெரிந்தது. முகத்தை வளைத்ததும் எதிர்ப்புக் கெழு 0.75-இலிருந்து 0.44 ஆகக் குறைந்தது. இன்று பலரும் கொஞ்சும் அந்த வட்ட முகம் அழகுக்காக வந்ததன்று. மேலும் பின்சக்கரங்களின் அருகே தனியாகச் சிறு பற்சக்கரப் பெட்டிகளை வைத்தார்கள். போர்க்காலத்து ராணுவ வண்டியில் இருந்த ஏற்பாடு அது. வேகம் குறைந்தது, ஏறும் விசை கூடியது.

1951-இல் வெஸ்ட்பாலியா என்ற நிறுவனம் இந்த வண்டிக்கென ஒரு 'முகாம் பெட்டி'யைச் செய்தது. வீட்டுச் சாமான்கள் அடங்கிய அந்தப் பெட்டியை வைக்கலாம், எடுக்கலாம். வார நாட்களில் வண்டி கடைச் சரக்கைச் சுமக்கும். சனிக்கிழமை மாலை பெட்டியை ஏற்றினால் அதுவே வீடு. இடிபாடுகளுக்கிடையே வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு, சுவரும் கூரையும் உள்ள ஓர் அறை தன் விருப்பப்படி நகரும் என்பது எத்துணைப் பெரிய செய்தியாயிருந்திருக்கும்!

இதற்கும் கணக்கு உண்டு. சுமையுடன் 1,600 கிலோ எடையாகும் வண்டி, பத்துக்கு ஒன்று சரிவில், எஞ்சின் தன் முழுத் திறனையும் தந்தால்கூட மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஏறாது. பின்னால் வரும் கார்கள் வரிசையாகக் காத்திருக்கும். ஆனால் மாடல் டி காருக்கு இல்லாத ஒரு வரம் இதற்கு இருந்தது. இந்த எஞ்சின் காற்றால் குளிர்வது. கொதிப்பதற்கோ உறைவதற்கோ உள்ளே தண்ணீர் கிடையாது. மெதுவாக ஏறும், ஆனால் ஏறிவிடும்.

அந்த வரத்தின் பயனாகவே இக்கதை நம் நாட்டையும் தொட்டது. 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் மேற்கு நாட்டு இளைஞர்கள் இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், கந்தகார், காபூல், கைபர் கணவாய், லாகூர் வழியாகத் தில்லிக்கும், அங்கிருந்து கோவாவுக்கும் காட்மாண்டுவுக்கும் தரை மார்க்கமாக வந்தார்கள். அவர்களில் பலருக்கு இந்த வண்டியே வீடு. அப்போது எஞ்சின் ஒன்றரை லிட்டராக வளர்ந்து, திறனும் நாற்பதைத் தாண்டியிருந்தது. எனினும் கிழக்குத் துருக்கியின் தாஹிர் கணவாய் 2,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சினின் திறனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். காபூலே 1,800 மீட்டர் உயரம். இத்தனையும் கடந்து அந்த வண்டிகள் பஞ்சாபின் சமவெளியில் இறங்கின. 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படையெடுப்பும் நிகழ்ந்து அந்தப் பாதையை அடைத்தன. எஞ்சின்கள் கடந்த கணவாய்களை அரசியல் கடக்க விடவில்லை.

அமெரிக்காவிலோ எஞ்சின் பெருக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ரே ஃபிராங்க் என்பவர் 1958-இல் தம் குடும்பத்துக்காக டாட்ஜ் சட்டத்தின்மேல் ஒரு வீட்டைக் கட்டினார். 1961 முதல் அத்தகைய வண்டிகள் விற்பனைக்கு வந்தன. 'மோட்டார் ஹோம்' என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் அவரே என்பர். 1963-இல் வந்த 'கிளார்க் கார்ட்டெஸ்' மிகக் கச்சிதமான வண்டி. ஆனால் 3 டன்னுக்கு மேற்பட்ட அதன் இரும்பு உடலுக்குக் கிடைத்தது 3.7 லிட்டர் ஆறு உருளைக் கார் எஞ்சின். மேடுகளில் அது திணறியது. சில ஆண்டுகளில் எட்டு உருளை எஞ்சினைப் பொருத்தினார்கள்.

இறுதியாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973-ஆம் ஆண்டு மாதிரியாக ஒரு மோட்டார் இல்லத்தை வெளியிட்டது. எஞ்சின் 7.5 லிட்டர், எட்டு உருளை. பழைய வோக்ஸ்வாகன் எஞ்சினைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. எந்த மலையையும் அது ஒரு பொருட்டாக மதிக்கவேண்டியதில்லை. அறுபது ஆண்டுகளாக வீட்டு வண்டிக்காரர்கள் எதற்கு ஏங்கினார்களோ அது கைக்கு வந்தது. அதே 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை தொடங்கியது. பெட்ரோல் நிலையங்களின் வாயிலில் வரிசைகள் நீண்டன. திறனுக்குப் பஞ்சமில்லாத வண்டிக்கு இப்போது எரிபொருள் பஞ்சம். 1978-இல் அதன் உற்பத்தி நின்றது.

அந்தச் சிறு எஞ்சின் வண்டியோ பல உருமாற்றங்களுடன் பிரேசில் நாட்டில் 2013 டிசம்பர்வரை தொடர்ந்து செய்யப்பட்டது. 2005-இல்தான் அங்கு அதற்குத் தண்ணீரால் குளிரும் எஞ்சின் வந்தது. இறுதியில் அதனை நிறுத்தியது மேடும் அன்று, சுமையும் அன்று. புதிய கார்களில் காற்றுப் பைகளும் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் கட்டாயம் என்ற சட்டம். அந்தப் பழைய உடலில் அவற்றைப் பொருத்த வழி இருக்கவில்லை.

ஆட்டுக்கல்லைப் பற்றி நேயர்கள் கேட்கக்கூடும். நாகபுரிக்குப் போகும் வழியில் மலைச்சாலை ஒன்றில் எங்கள் லாரி கொதித்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, ஏற்றியிருந்த சாமான்களைச் சுற்றிப் பார்த்து, தாயாரின் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குடத்துத் தண்ணீரையே கேட்டு வாங்கி எஞ்சினுக்கு ஊற்றினார். கல் இப்போது தில்லியில் என் வீட்டு மாடியில் இருக்கிறது. மூன்றாம் மாடிக்கு அதை ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது.